தீராத மனச்சோர்வுக்குக் காந்தத் தூண்டல் சிகிச்சை: காத்திருக்கும் பெஞ்சில் கேட்கப்படும் கேள்விகள்

காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் இந்தச் சிகிச்சையைச் சுருக்கமாக டிஎம்எஸ் என்பார்கள். அந்த மெஷின் இருக்கும் அறையில், துடிப்பை உண்டாக்கும் கம்பிச்சுருளான காயிலைத் தலையில் பொருத்தி, சிட்டிங் (ஒரு தடவைச் சிகிச்சை) முடியும்வரை பக்கத்தில் இருப்பது என் வேலை. நான் டாக்டர் இல்லை. ஆனால் டாக்டரிடம் கேட்கத் தயங்கியதை எல்லாம் மக்கள் என்னிடம்தான் கேட்கிறார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். உங்களுக்கு இது பொருந்துமா என்பதை உங்கள் மனநல மருத்துவர்தான் சொல்ல முடியும்.

1. "இது ஷாக் ட்ரீட்மென்ட்தானே? பேரை மட்டும் மாத்தி வச்சிருக்கீங்க?"

இல்லை. ஷாக் என்று ஊரில் சொல்வது இசிடி என்ற மின்அதிர்ச்சிச் சிகிச்சை. அதில் மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்து, தலையில் மின்சாரம் செலுத்தி, வேண்டுமென்றே ஒரு வலிப்பை வரவழைப்பார்கள். டிஎம்எஸ்-இல் மயக்க மருந்து கிடையாது. நாற்காலியில் சாய்ந்து, கண்ணைத் திறந்துகொண்டு, என்னோடு பேசிக்கொண்டேகூட இருக்கலாம். இங்கே வலிப்பு வரவே கூடாது என்பதற்காகத்தான் அத்தனை கணக்கும் போடுகிறோம். இசிடியில் சிலருக்கு வருகிற ஞாபகக் குழப்பமும் இதில் இல்லை.

இசிடிக்காகவும் ஒரு வார்த்தை. சினிமாவில் கட்டிலில் கட்டிவைத்துக் காட்டுவதை நம்பி அதைப் பேயாக நினைக்க வேண்டாம். மயக்க மருந்து இல்லாமல் அதைச் செய்வதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. சாப்பிடவே மறுக்கிற, பிரமையோடு கூடிய கடும் மனச்சோர்வில் டிஎம்எஸ்ஸைவிட இசிடிக்குத்தான் பலம் அதிகம்.

2. "காந்தம் எப்படிங்க மண்டை ஓட்டைத் தாண்டி உள்ள போகும்?"

பள்ளியில் படித்த ஃபாரடேதான். மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் பக்கத்தில் இருக்கும் கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று 1831-இல் அவர் காட்டினார். எங்கள் காயிலில் ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் பல ஆயிரம் ஆம்பியர் மின்சாரம் பாய்ந்து நிற்கிறது. அப்போது எழும் காந்தத் துடிப்பின் பலம் ஏறத்தாழ எம்ஆர்ஐ ஸ்கேனில் இருக்கும் அளவுதான். மின்சாரத்துக்கு மண்டை ஓடு பெரிய தடை. காந்தப்புலத்துக்கு அது ஒரு தடையே இல்லை. உள்ளே போன துடிப்பு மூளையின் மேற்பரப்பில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குள் மெல்லிய மின்னோட்டமாக மாறி, அங்கே இருக்கிற நரம்பு செல்களைத் தட்டி எழுப்புகிறது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் 1985-இல் இப்படி ஒருவருடைய மூளையைத் தூண்டிக் கையைத் துடிக்க வைத்தார்கள். அப்போது அது நரம்புப் பரிசோதனைக் கருவி. மனச்சோர்வுக்குப் பயன்படுமா என்ற ஆராய்ச்சி தொண்ணூறுகளில் சூடு பிடித்தது. அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்டிஏ 2008-இல் இதை மனச்சோர்வுக்கு அனுமதித்தது.

மனச்சோர்வில் நாங்கள் தூண்டுவது பெரும்பாலும் இடது முன்மூளையின் மேல்பக்கத்தை. திட்டமிடுவது, மனதை ஒரு விஷயத்தில் நிறுத்துவது, உணர்ச்சிகளுக்குக் கடிவாளம் போடுவது ஆகியவற்றில் பங்குள்ள பகுதி அது. அங்கிருந்து ஆழத்தில் உள்ள உணர்ச்சி மையங்களுக்கு இணைப்பு இருக்கிறது. தினமும் தட்டித் தட்டி அந்த இணைப்பின் போக்கை மாற்றுவதுதான் நோக்கம். ஒரே தட்டில் எதுவும் மாறாது.

3. "எங்க வீட்ல காந்தப் படுக்கை இருக்கே, எண்பதாயிரம் குடுத்து வாங்கினோம். அதுலயே படுத்தா போதாதா?"

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். படுக்கையிலும் வளையலிலும் இருப்பது நிலைக்காந்தம். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிற பொம்மையில் இருப்பதும் அதேதான். மேலே சொன்னபடி, மாறுகிற காந்தப்புலம்தான் மின்னோட்டத்தை உண்டாக்கும். மாறாமல் கிடக்கிற காந்தத்தின் மேல் எத்தனை வருடம் படுத்தாலும் நரம்பு செல் திரும்பிக்கூடப் பார்க்காது. விற்றவர் பெரும்பாலும் சொந்தக்காரராகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பார் என்பதால் இதை யாரும் வெளியே சொல்வதில்லை.

4. "மாத்திரையே வேணாம், நேரா இதுக்கு வந்துடலாமா?"

வழக்கமாக இல்லை. இரண்டு வேறு வேறு மருந்துகளைச் சரியான அளவில், சரியான காலத்துக்குச் சாப்பிட்டும் மனச்சோர்வு விலகாதவர்களுக்குத்தான் பெரும்பாலான மருத்துவர்கள் இதைச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 பேரை வைத்து நடந்த ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வில், முதல் மருந்திலேயே முழுதாகத் தேறியவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். இரண்டாவது மருந்துக்குப் பிறகும் தேறாதவர்களுக்கு மூன்றாவது, நான்காவது மருந்தில் கிடைத்த பலன் மிகவும் குறைவு. அந்த இடத்தில்தான் டிஎம்எஸ் வந்து நிற்கிறது.

"சரியான அளவு, சரியான காலம்" என்பதைக் கவனியுங்கள். ஆறு மருந்து பார்த்துவிட்டேன் என்று வருகிறவரிடம் பழைய சீட்டுகளை வாங்கிப் பார்த்தால், ஒவ்வொன்றும் குறைந்த அளவில் பத்து நாள், பதினைந்து நாள் சாப்பிட்டு நிறுத்தியதாக இருக்கும். ஒரு மருந்துக்கு ஆறு வாரமாவது கொடுக்க வேண்டும். தைராய்டு, ரத்தசோகை, குடி, இவற்றையெல்லாம் பார்க்காமல் "மருந்துக்கு அடங்காத மனச்சோர்வு" என்று முத்திரை குத்துவதும் தப்பு.

5. "வலிக்குமா? மொட்டை அடிக்கணுமா?"

மொட்டை வேண்டாம். முடியும் கொட்டாது. மரங்கொத்தி கொத்துகிற மாதிரி டக் டக் டக் என்று சத்தம் வரும், அதற்காகக் காதில் அடைப்பான் வைத்துவிடுவோம். அந்த இடத்தில் யாரோ விரலால் சுண்டுவதுபோல் இருக்கும். சிலருக்குப் புருவமோ கன்னமோ துடிக்கும், பல்லில் ஒரு கூச்சம் ஓடும். முதல் வாரம்தான் கஷ்டம், பிறகு பழகிவிடும். தாங்க முடியாவிட்டால் வாய்விட்டுச் சொல்லுங்கள், காயிலைச் சற்றுத் திருப்பலாம், பலத்தைக் குறைத்து ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றலாம். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் கூடுதல் பலன் கிடையாது.

தோடு, மூக்குத்தி, ஹேர்பின், கண்ணாடி, செல்போன், வாட்ச், ஏடிஎம் கார்டு எல்லாம் வெளியே வைத்துவிட்டு வர வேண்டும். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். தலையிலிருந்து தள்ளி எப்படி வைத்துக்கொள்வது என்று பார்த்துச் செய்யலாம். அதற்காகச் சிகிச்சையே வேண்டாமென்று திரும்பிப் போக வேண்டியதில்லை.

6. "முதல் நாள் ஏன் என் கட்டை விரலையே பார்த்துக்கிட்டு இருந்தீங்க?"

அதுதான் உங்களுக்கான அளவுகோல். ஒருவருடைய மண்டை ஓட்டின் தடிமன், மூளை எவ்வளவு சுலபமாகத் தூண்டப்படுகிறது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. அதனால் கையை இயக்கும் பகுதியின் மேல் காயிலை வைத்து, எவ்வளவு பலத்தில் எதிர்க் கையின் கட்டை விரல் லேசாகத் துடிக்கிறது என்று பார்க்கிறோம். இதற்கு மோட்டார் த்ரெஷோல்ட் என்று பெயர். சிகிச்சையின் பலம் அதை வைத்துத்தான், வழக்கமாக அதில் 120 சதவீதம் அளவுக்கு.

இதை அளக்காமலேயே "எல்லாருக்கும் ஒரே செட்டிங்" என்று யாராவது ஓட்டினால் அங்கே உட்காராதீர்கள். குறைந்தால் பலன் இல்லை, மிஞ்சினால் வலிப்பு அபாயம். இடையில் மாத்திரை மாறினாலும் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

7. "எத்தனை நாள் வரணும்? நாங்க வெளியூர்."

வாரத்தில் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம். மொத்தம் 20 முதல் 30 சிட்டிங், பிறகு சில இடங்களில் இடைவெளி விட்டு இன்னும் ஐந்தாறு. பழைய முறையில் ஒரு சிட்டிங் 37 நிமிடம்: நான்கு நொடி தட்டல், 26 நொடி ஓய்வு, மொத்தம் 3,000 துடிப்பு. துடிப்புகளைக் கொத்துக் கொத்தாக வேகமாகத் தரும் புதிய முறையான தீட்டா பர்ஸ்டில் 600 துடிப்பு, மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

மூன்று நிமிடத்தைப் பார்த்து "ஏமாத்துறாங்களோ" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கனடாவில் 414 பேரை வைத்து இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஆய்வில், குறுகிய முறை நீண்ட முறைக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது. முப்பது நாள் பஸ் ஏறி வருவதுதான் இதில் பெரிய பாரம் என்று நான் நினைக்கிறேன். மனச்சோர்வில் இருப்பவருக்குப் படுக்கையை விட்டு எழுந்திருப்பதே மலை ஏறுவது மாதிரி. கூட்டிவர ஆள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் சில நாளுக்குப் பிறகு வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

8. "பின்விளைவு? ஃபிட்ஸ் வரும்னு சொல்றாங்களே?"

அதிகம் பார்ப்பது தலைவலி, காயில் வைத்த இடத்தில் வலி, கொஞ்சம் அசதி. பாராசிட்டமால் போதும். வலிப்பு வர வாய்ப்பு உண்டு, ஆனால் மிக அரிது: ஆயிரம் நோயாளிகளில் ஒருவருக்கும் குறைவு. வந்தாலும் பெரும்பாலும் சிகிச்சையின் நடுவிலேயே வந்து தானாக அடங்கும். எங்கள் அறையில் படுக்கையும் ஆக்சிஜனும் தயாராக இருப்பது அதற்காகத்தான்.

அபாயத்தைக் கூட்டுவது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்: முந்தைய இரவு தூங்காதது, குடித்தது அல்லது நெடுநாள் குடியைத் திடீரென்று விட்டது, வலிப்பு வரம்பைக் குறைக்கும் சில மருந்துகள். இரவு முழுக்கக் கல்யாண வீட்டில் கண் விழித்துவிட்டு நேராக வந்தால் அன்று நான் ஓட்ட மாட்டேன். டாக்டரும் அதையேதான் சொல்வார்.

9. "அம்மாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கு. எனக்குப் பல்லில் கேப் போட்டிருக்கு. செய்யலாமா?"

பல் கேப், ஃபில்லிங் இவற்றால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. தலைக்குள் இருக்கும் உலோகம்தான் ஆபத்து: காது கேட்பதற்காகப் பொருத்திய காக்ளியர் இம்ப்ளான்ட், மூளை ரத்தக்குழாயில் போட்ட காந்தத்தால் ஈர்க்கப்படும் க்ளிப், மூளைக்குள் வைத்த தூண்டல் கருவி, பழைய விபத்தில் தங்கிப்போன துகள்கள். பேஸ்மேக்கர் இருந்தால் இதயநோய் மருத்துவரும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும். வெல்டிங், லேத் பட்டறைகளில் வேலை பார்த்தவர்கள் கண்ணில் இரும்புத் துகள் பட்ட கதையை மறக்காமல் சொல்லுங்கள்.

ஒரு காலத்தில் அளவுக்கு மீறிய உற்சாகம், தூக்கமே இல்லாத சுறுசுறுப்பு, கண்மண் தெரியாத செலவு என்று இருந்திருக்கிறதா? அது இருதுருவ நோயாக இருக்கலாம். அப்படியானால் தூண்டல் மனதை மறுபக்கம் தள்ளிவிடக்கூடும். இதை நோயாளி சொல்ல மாட்டார், வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

10. "மாத்திரையை நிறுத்திட்டுத்தான் வரணுமா?"

நிறுத்தாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே நடக்கும். நம் ஊரில் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் குளோனாசிபாம், லோராசிபாம் வகை மாத்திரைகள் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றை எடுப்பவர்களுக்கு டிஎம்எஸ் பலன் குறைவாக இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் டாக்டர் அளவைக் குறைக்கப் பார்க்கலாம். நீங்களாக ஒரே நாளில் நிறுத்தினால் 8-ஆம் பதிலில் சொன்ன வலிப்புதான் வாசலில் வந்து நிற்கும்.

11. "எத்தனை பேருக்குக் குணமாகுது? மழுப்பாம சொல்லுங்க."

யாரிடம், எப்படி அளந்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். முதலில், உண்மைபோலவே தோன்றினாலும் மூளையைத் தூண்டாத போலிக் காயிலோடு ஒப்பிட்ட ஆய்வு. அமெரிக்காவில் 190 பேரை வைத்து 2010-இல் வெளியானது. உண்மையான தூண்டல் பெற்றவர்களில் முழுதாகத் தேறியவர்கள் 14 சதவீதம். போலிக் காயிலில் 5 சதவீதம். வித்தியாசம் நிஜம்தான், ஆனால் எண்கள் சின்னவை. அங்கே மூன்று வாரமே சிகிச்சை, மருந்தும் கிடையாது.

அடுத்து, வழக்கமான மருத்துவமனைகளில் 307 பேரைத் தொடர்ந்து பார்த்து 2012-இல் வெளியானது. மருத்துவர் கணக்குப்படி பாதிக்கும் மேலானவர்களுக்கு நல்ல முன்னேற்றம், முழுதாகத் தேறியவர்கள் 37 சதவீதம். இங்கே ஒப்பிடப் போலிக் காயில் இல்லை என்பதை மறக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மருந்துக்கு அசையாத மூன்று பேரில் ஒருவர் நன்றாகத் தேறுவார், இன்னொருவருக்குக் கொஞ்சம் லேசாகும், மூன்றாமவருக்கு எதுவும் நடக்காது என்பது என் கணக்கு. "தொண்ணூறு சதவீதம் கேரன்டி" என்று போர்டு போட்டிருந்தால் அந்தப் படியை ஏறாதீர்கள்.

12. "போலிக் காயில்லயும் சிலர் தேறினாங்கன்னா இது வெறும் நம்பிக்கைதானே?"

கெட்டிக்காரக் கேள்வி. இதற்கு இன்னும் சங்கடமான சான்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 164 பேரை வைத்து 2018-இல் வெளியான ஆய்வில், உண்மைக் காயிலில் 41 சதவீதம் பேர் தேறினார்கள், போலிக் காயிலில் 37 சதவீதம். வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. அதற்காக மற்ற ஆய்வுகள் பொய்யாகிவிடாது. எல்லாவற்றையும் தொகுத்துப் பார்க்கும்போது உண்மைக் காயில் முந்தியே நிற்கிறது.

ஆனால் அந்த 37 சதவீதம் எனக்கு ஒன்றைச் சொல்கிறது. தினமும் குளித்து, உடுத்தி, வெளியே வந்து, ஒரு மனிதரிடம் பேசிவிட்டுப் போவதும் மருந்துதான். அதனால் சிட்டிங் முடிந்ததும் நேரே போய்ப் படுத்துவிடாமல் டீக்கடைவரை நடந்துவிட்டுப் போங்கள் என்பேன். ஆலோசனை அமர்வுகளும் கூடவே நடந்தால் நல்லது.

13. "அஞ்சே நாள்ல முடிச்சிடறாங்களாமே?"

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான முறையைச் சொல்கிறீர்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒன்று என்று ஒரு நாளில் பத்து சிட்டிங், ஐந்து நாளில் ஐம்பது. ஒவ்வொருவருக்கும் எம்ஆர்ஐ எடுத்து அவருடைய மூளையில் எந்தப் புள்ளி என்று கணித்துச் செய்வார்கள். போலிக் காயிலோடு ஒப்பிட்ட ஆய்வில் உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் 79 சதவீதம் பேர் ஒரு மாதத்துக்குள் தேறினார்கள். எஃப்டிஏ 2022-இல் அனுமதி கொடுத்தது.

பிரமாதமான எண்தான். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 29 பேர். "துரித சிகிச்சை" என்ற பெயரில் இங்கே நடப்பதெல்லாம் அதுவல்ல. பல இடங்களில் எம்ஆர்ஐ கணிப்பு இருக்காது, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று சிட்டிங்தான் இருக்கும். அதிலும் பலன் இருக்கலாம், ஆனால் 79 என்ற எண்ணை அங்கே தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

14. "அப்போ எம்ஆர்ஐ எடுத்துச் செய்யுற இடத்துக்குத்தான் போகணுமா?"

கட்டாயமில்லை. பிரிட்டனில் 255 பேரை வைத்து 2024-இல் வெளியான ஆய்வில், மூளை இணைப்பைக் கணித்து இடம் பார்த்துச் செய்ததற்கும், சாதாரண எம்ஆர்ஐ படத்தை மட்டும் வைத்து இடம் பார்த்துச் செய்ததற்கும் பலனில் வித்தியாசம் வரவில்லை. இரண்டிலும் எம்ஆர்ஐ இருந்தது என்பதால், எம்ஆர்ஐயே வேண்டாம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. தலையை நாடாவால் அளந்து, தொப்பியில் குறி போட்டு, தினமும் அதே இடத்தில் காயிலை வைக்கிற பொறுமையான கை இருப்பதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். இன்றைக்கு ஓரிடம், நாளைக்கு ஓரிடம் என்று வைத்தால் எந்த ஸ்கேனும் உதவாது.

15. "இன்சூரன்ஸ் கிடைக்குமா? ஆபீஸ்ல, பொண்ணு வீட்ல தெரிஞ்சிடுமா?"

1-ஆம் பதிலில் சொன்ன அதே 2017 சட்டம், உடல்நோய்க்குக் கொடுப்பதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. நடைமுறையில் படுத்துச் சிகிச்சை பெறாவிட்டால் பணம் தர மறுக்கிற பாலிசிகள் உண்டு. டிஎம்எஸ் வந்து போகிற சிகிச்சை என்பதால் அங்கேதான் சிக்கும். ஆரம்பிக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நோயாளியின் விவரத்தை அனுமதியின்றி வெளியே சொல்லக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. பெண் வீட்டாருக்குச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. மறைத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் பிறகு மாத்திரையை ஒளித்து ஒளித்துச் சாப்பிட்டு, கடைசியில் நிறுத்தியே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மறுபடி வந்தபோது முன்பைவிட மோசமாக இருந்தார்கள்.

16. "அவன் சாகப் போறேன்னு சொல்லிக்கிட்டே இருக்கான். நாளைக்கே ஆரம்பிச்சிடலாமா?"

இதற்கு டிஎம்எஸ் அல்ல பதில். வழக்கமான முறையில் பலன் தெரியவே இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை காத்திருக்க முடியாது. இன்றே மனநல மருத்துவரிடமோ அவசரப் பிரிவுக்கோ அழைத்துப் போங்கள். சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கலாம், இசிடியும் தேவைப்படலாம். தனியாக விடாதீர்கள். வீட்டில் உள்ள பூச்சிமருந்து, மாத்திரை எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மனஸ் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் பேசலாம்.

17. "இருபது சிட்டிங் ஆச்சு, ஒண்ணுமே தெரியல. பணத்தை இன்னும் கொட்டணுமா?"

முதலில் வீட்டாரைக் கேளுங்கள். பல பேருக்குத் தன்னிடம் வந்த மாற்றம் கடைசியில்தான் தெரியும். "நேத்து தானா எழுந்து காபி கேட்டான்" என்று அம்மா முன்பே சொல்லியிருப்பார். இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவில் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் இருபதில் நிறுத்துவது அவசரம். ஆரம்பத்திலும் வாராவாரமும் கேள்வித்தாளில் மதிப்பெண் போட்டு வந்திருந்தால் சண்டையே வராது, எண்ணைப் பார்த்தே முடிவெடுக்கலாம். போடவில்லையென்றால் இன்றைக்காவது போடச் சொல்லுங்கள். முப்பதிலும் அசைவில்லை என்றால் நோய்க் கணிப்பையே மறுபடி பார்க்க வேண்டும். இசிடி, கெட்டமைன் என்ற மருந்து, வேறு மருந்துச் சேர்க்கை என்று வழிகள் உண்டு.

18. "குணமாயிடுச்சு. திரும்ப வருமா?"

வரலாம். சிகிச்சை முடிந்த பிறகு 257 பேரை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், முன்னேற்றம் கண்டவர்களில் 62.5 சதவீதம் பேருக்கு அது வருடம் முழுக்க நிலைத்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்கு இடையில் சில சிட்டிங்குகள் மறுபடி தேவைப்பட்டன.

ஒருமுறை பலன் தந்தவர்களுக்கு இரண்டாம் முறையும் பெரும்பாலும் பலன் தருகிறது. அதனால் உங்கள் மோட்டார் த்ரெஷோல்ட் அளவு, காயில் வைத்த இடம், எந்த முறை, எத்தனை துடிப்பு, எத்தனை சிட்டிங் என்று ஒரு தாளில் எழுதி வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். அதிகாலையில் விழிப்பு, சாப்பாடு கசப்பது, போனை எடுக்கப் பிடிக்காதது என்று உங்களுக்கு முதலில் வந்த அறிகுறி எதுவோ அதையும் அதே தாளின் கீழே எழுதுங்கள். அது இரண்டு வாரம் தொடர்ந்தால் அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள்.